ஓடுகின்ற பொறிக்கு நாள் குறித்தவர் யார்?

தமிழ் அச்சகத்தீர்! சிற்றிதழ் நடத்துவோரே! நூல் வெளியிடும் சிறு பதிப்பகத்தாரே! உங்கள் மேசைமேல் உள்ள கணினிக்கு அமெரிக்க நாட்டு நிறுவனம் ஒன்று நாள் குறித்தது. குறித்த நாளும் வந்து போயிற்று. 2025 அக்டோபர் 14 அன்று, விண்டோசு 10 என்னும் இயங்குதளத்திற்குத் தான் அளித்துவந்த காப்பினை மைக்குரோசாப்டு நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அந்நாளில் எந்தக் கணினியும் நின்றுவிடவில்லை. எந்தத் திரையும் இருண்டுவிடவில்லை. மறுநாட் காலையிலும் திருமண அழைப்புகளும் துண்டறிக்கைகளும் முன்போலவே அச்சாயின. அதனாலேயே நம்மவருள் பலர், 'ஒன்றும் ஆகிவிடவில்லையே' என்று வாளா இருந்துவிட்டனர். வேறு சிலரோ கணினி விற்பவன் காட்டிய அச்சத்திற்கு ஆட்பட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பொறிகளைப் பழைய இரும்பு வாங்குவோனிடம் தள்ளிவிட்டுப் புதியனவற்றுக்காகக் கடன்பட்டனர். வாளா இருந்தவரும் கடன்பட்டவரும் ஆகிய இருதிறத்தாருமே எண்ணிப் பாராமல் நடந்தவர்கள் என்பது என் துணிபு.

காப்பு நிறுத்தம் என்பது யாது? இயங்குதளம் என்பது கோடிக்கணக்கான வரிகளால் ஆன ஒரு நிரல். அத்துணைப் பெரிய கட்டடத்தில் ஓட்டை இல்லாதிராது. ஓட்டை கண்டறியப்படுந்தோறும் அதனை அடைக்கும் திருத்தங்களைத் திங்கள்தோறும் அந்நிறுவனம் இணையவழியே விடுக்கும். விண்டோசு 10-ஐப் பொறுத்தவரை, தனிக்கட்டணம் கட்டியோ நீட்டிப்புக்குப் பதிந்தோ வைத்திராதவர்க்கு அவ்வடைப்பு இனி வாராது. இதில் பலரும் அறியாத நுட்பம் ஒன்றுண்டு. விண்டோசு 10-க்கும் விண்டோசு 11-க்கும் பொதுவான நிரற்பகுதிகள் மிகுதி. விண்டோசு 11-க்கு ஓர் அடைப்பு வெளிவந்தவுடன் அதனைப் பிரித்துப் பார்க்கின்ற கயவன், ஓட்டை எங்கே இருந்தது என்பதை அறிந்துகொள்கின்றான். புதுவீட்டுக் கதவுக்குப் போடப்படும் ஒவ்வொரு தாழும், பழைய வீட்டில் தாழில்லாத கதவு எது என்பதை அவனுக்குக் காட்டிக்கொடுத்து விடுகின்றது. ஆகவே நாள் செல்லச் செல்லத் தீங்கு குறைவதற்கு வழியில்லை, ஏறுமுகமாகவே இருக்கும்.

இஃது ஏட்டுப்பேச்சு என்பார்க்கு 2017-ஐ நினைவூட்டுவேன். அவ்வாண்டு மே 12 அன்று வன்னாகிரை என்னும் பணயப்பறிப்பு நிரல் உலகெங்கும் பரவிற்று. கணினியிலுள்ள கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கொடுத்தால் திறப்பதாக மிரட்டிற்று. இங்கிலாந்து நாட்டு அரசின் நலவாழ்வு அமைப்பில் 236 மருத்துவ அறக்கட்டளைகளுள் குறைந்தது 80 அதனால் நிலைகுலைந்தன. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்த ஓட்டைக்கான அடைப்போ அதற்கு இரண்டு திங்கள் முன்னரே, மார்ச்சு 14 அன்றே, வெளிவந்துவிட்டது! அடைப்பு வந்தும் போட்டுக்கொள்ளாதவர்க்கே அந்த நிலை. அடைப்பே வாராத பொறியை இணையத்தில் இணைத்து வைத்துக்கொண்டு, 'நம் சிறிய அச்சகத்தில் எவன் வந்து எதை எடுக்கப் போகின்றான்?' என்று கேட்பவரை என்னென்பது? பறிப்பு நிரல் ஆள் பார்த்து வருவதில்லை. திறந்த கதவு எங்கிருந்தாலும் அங்கே நுழையும். பெரிய நிறுவனத்தான் படியெடுத்து வைத்திருப்பான். மறுகிழமையே எழுந்து நிற்பான். சிற்றச்சகத்தான் ஒரே இரவில் இருபதாண்டு உழைப்பை இழந்து நிற்பான்.

இனி, நாள் குறித்தவர் செய்ததையும் ஆராய வேண்டுமன்றோ? 2015 மே திங்களில், அந்நிறுவனத்தின் மாநாட்டு மேடையில் அதன் பணியாளர் ஒருவரே, இதுதான் விண்டோசின் இறுதிப் பதிப்பு என்னும் பொருள்படப் பேசினார். செய்தித்தாள்கள் எல்லாம் அதனைப் பெரிதாக வெளியிட்டன. 2015 சூலை 29-இல் விண்டோசு 10 வந்தது. இறுதி என்ற பேச்சின் ஈரம் காய்ந்து ஏழாண்டு கழிவதற்குள், 2021 அக்டோபர் 5-இல், விண்டோசு 11 வந்தது. உரிமத்தோடு விண்டோசு 10 வைத்திருப்போர்க்குப் புதியது விலையின்றியே கிடைக்கும் என்றனர். உடனே கைகூப்பித் தொழ வேண்டா. அதற்கென விதித்த கட்டளைகளைப் பாருங்கள். டி.பி.எம். 2.0 என்னும் காப்புச் சில்லு வேண்டும். காப்புத்தொடக்க வசதி வேண்டும். இண்டெல் செயலியாயின், சிற்சில விலக்குகள் நீங்கலாக, 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆதல் வேண்டும். அந்த 8-ஆம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியதே 2017-இன் பிற்பகுதியில்தான். 2017-இல் கையிலிருந்த பொருளைக் கொட்டி ஒருவன் 7-ஆம் தலைமுறைக் கணினியைப் புதிதாக வாங்கியிருந்தால், நான்கே ஆண்டுகளில் அது தகுதியற்ற பொறி எனத் தள்ளப்பட்டது. அப்பொறி தேய்ந்ததா? இல்லை. வேகம் குறைந்ததா? அதுவும் இல்லை. ஒரு கட்டளைத் தாள் அதனைத் தள்ளிற்று.

நீட்டிப்பு வேண்டும் வணிக நிறுவனங்களுக்கு விலையும் விதித்தனர். கணினி ஒன்றுக்கு முதலாண்டு 61 அமெரிக்கத் தாலர். அடுத்த ஆண்டு அதன் இருமடங்கு. மூன்றாம் ஆண்டு அதற்கும் இருமடங்கு. அத்தோடு அதுவும் முடிவு. ஆக மூன்றாண்டுக்கு 427 தாலர். இடையில் சேர்பவன் விட்டுப்போன ஆண்டுக்கும் சேர்த்தே கட்ட வேண்டும்! ஐந்து கணினி வைத்திருப்பவன் இதற்குக் கொடுக்கும் தொகையில் நல்ல கணினிகள் சிலவற்றைப் புதிதாகவே வாங்கிவிடலாம். வாங்கட்டும் என்பதுதானே கருத்து?

ஒன்றை மட்டும் நடுநின்று சொல்ல வேண்டும். 2025 என்னும் ஆண்டினை அந்நிறுவனம் இறுதி நேரத்தில் மறைத்துவைத்துக் கூறவில்லை. விண்டோசு 10 வெளிவந்த 2015-லேயே அந்நாள் அறிவிக்கப்பட்டுவிட்டது. பத்தாண்டு முன்னரே சுவரில் எழுதிய எழுத்தினைப் படிக்காமல் இருந்தவர்கள் நாம்தாம். குறை கூறுமிடத்துக் கூறுவதும், நம் மடியினை மடி என்று ஒப்புவதும் ஆகிய இரண்டுமே வேண்டும்.

என்னிடம் முன்னர்ப் பயின்ற இளைஞர் ஒருவர் மறுதோன்றி அச்சகம் நடத்துகின்றார். ஐந்து கணினிகள். விற்பனையாளர் ஒருவர் வந்து, "ஐந்தும் செத்த பொறிகள்; ஐந்தையும் மாற்றியாக வேண்டும்" என்று சொல்லி, ஏறத்தாழ இரண்டு இலக்கம் உருபாவுக்கு விலைப்பட்டி கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இளைஞர் மனைவியின் நகையை அடகு வைக்கும் அளவுக்குப் போய், அதற்கு முன் ஒரு சொல் கேட்கலாம் என்று என்னிடம் வந்தார். நான் தமிழ் சொல்லிக்கொடுப்பவன்; கணினி நூல் வல்லேன் அல்லேன். எங்கள் பள்ளிக் கணினியாசிரியரை உடனழைத்துக்கொண்டு அச்சகத்திற்குச் சென்றேன். அவர் ஒவ்வொரு பொறியாகத் திறந்து, செயலி எது, நினைவகம் எவ்வளவு, வட்டின் அமைப்பு என்ன என்று ஒரு தாளில் எழுதினார். ஐந்தனுள் இரண்டு, தகுதிக்கு உட்பட்ட செயலி உடையவை. ஒன்றில் அந்தக் காப்புச் சில்லு வசதி தொடக்க அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதனாலேயே 'தகுதியில்லை' என்று திரை காட்டிற்று. அமைப்புக்குள் சென்று அதனை இயக்கிவிட்டதும் தகுதி வந்துவிட்டது. மற்றொன்றில் வட்டு பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தது. விண்டோசிலேயே உள்ள மாற்றுக்கருவியால், முன்னதாகப் படியெடுத்துக்கொண்டு, அதனையும் சரிசெய்தார். இரண்டு கணினிகள் ஓர் உருபா செலவின்றிப் பிழைத்தன.

"ஐயா, அவர் இதைச் சொல்லவே இல்லையே!" என்றார் இளைஞர்.

"விற்க வந்தவர் அதை ஏன் தம்பி சொல்வார்?" என்றேன்.

எஞ்சிய மூன்றில் ஒன்று தட்டுருவாக்கும் பொறியோடு பிணைந்தது. அதன் இயக்கி நிரல் புதிய இயங்குதளத்தில் ஓடாது. அதனை அப்படியே வைத்துக்கொண்டு, இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடச் சொன்னோம். கோப்புகளைக் கொண்டுசெல்லும் விரற்கருவியையும் முதலில் காப்புள்ள கணினியில் ஆய்ந்த பின்னரே அதில் செருக வேண்டும். மற்ற இரண்டையும் பற்றிப் பின்னர்க் கூறுவேன். அதற்கு முன்னர், அச்சகத்தாரும் விற்பனையாளரும் ஒருசேர மறந்துவிட்ட ஒன்றைக் கூறியாதல் வேண்டும்.

"உன் அச்சகத்தில் விலைமதிப்பு மிக்க உடைமை எது?" என்று அவ்விளைஞரைக் கேட்டேன். அவர் மறுதோன்றிப் பொறியைக் காட்டினார். அதற்குக் காப்பீடு உண்டு. போனால் வேறு வாங்கலாம். அவர்தம் தந்தையார் நாளிலிருந்து அச்சிட்ட நூல்களின் கோப்புகள் வட்டில் இருந்தனவே, அவையல்லவோ உடைமை! ஊர் வரலாறுகள், கோயில் மலர்கள், பாவலர் பலரின் ஒரே பதிப்புகள். அவற்றுள் ஒன்றை வேறொரு கணினியில் திறந்து காட்டச் சொன்னேன். திரையில் வந்தது தமிழா? ஆங்கில எழுத்துகளும் குறிகளும் தலைகால் புரியாமல் கலந்த குப்பை!

இஃது எதனால் நேர்ந்தது? 1990-களில் தமிழ் எழுத்துரு செய்தோர் பலர், கணினியில் ஆங்கில எழுத்துக்கென ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழ் வடிவங்களைக் கொண்டுபோய் வைத்தனர். திரையில் தெரிவது ககரம். கோப்பினுள்ளே இருப்பதோ ஓர் ஆங்கில எழுத்து. எழுத்துரு என்னும் முகமூடி இருக்கும்வரை தமிழ் போலத் தோன்றும். முகமூடி கழன்றால் உள்ளிருப்பது வெளிப்பட்டுவிடும். அதுவும் ஒவ்வொரு நிறுவனத்தான் ஒவ்வொரு முறையில் வைத்தான். 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்கவே பொதுக்குறிமுறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் பரிந்துரைத்தது. 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் ஏற்று ஆணையிட்டது. ஆணையிட்டு என்ன? அச்சகங்களிற் பல இன்றும் பழைய எழுத்துருவிலேயே கோத்துக்கொண்டுள்ளன. ஒரு கிரந்த எழுத்து நம் நூலில் நுழைந்தால் கொதித்தெழுகின்ற நம் அன்பர்கள் சிலருங்கூட, தங்கள் நூல்கள் முழுவதையும் ஆங்கிலக் குறியெண்களாகவே வட்டில் அடுக்கி வைத்துள்ளனர். மேலே தமிழ்த்தோல் போர்த்தி, உள்ளே ஒரு தமிழெழுத்தும் இல்லாத ஏடு எத்தகைய தனித்தமிழ் ஏடு? அறிந்தோர் விடை பகர்க.

இக்கோப்புகளிற் பெரும்பாலானவை பேச்மேக்கர் என்னும் பக்கவமைப்பு மென்பொருளில் ஆனவை. அதன் இறுதிப் பதிப்பு 2001-இல் வந்தது. 2004-இல் அதன் வளர்ச்சியே நிறுத்தப்பட்டது. ஒருங்குறித் தமிழை அஃது அறியாது. விண்டோசு 11-இல் 32-இருமப் பதிப்பே கிடையாது. 64-இருமப் பதிப்பில் 16-இருமக் காலத்து நிரல்கள் ஓடா. பழைய தமிழ்ச் சொற்கோப்பு மென்பொருள்கள் பலவற்றிற்குப் பூட்டாக ஒரு சிறு கருவியைக் கணினியின் பின்புறம் செருகுவார்கள் அல்லவா, அதன் 32-இரும இயக்கி நிரலும் 64-இருமத் தளத்தில் ஏறாது. பூட்டுக்கருவி ஏற்கப்படாவிடின் மென்பொருள் திறவாது. மென்பொருள் திறவாவிடின் நூல் இல்லை. ஆகவே, இயங்குதளத்தை மாற்றிய பின் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கதவைப் பூட்டித் திறவுகோலைக் கிணற்றில் எறிந்த பின் உள்ளிருக்கும் பொருளை எண்ணுவதற்கு ஒப்பாகும். பழைய பொறி உயிரோடு இருக்கும்போதே மூன்று செயல்கள் முடிய வேண்டும். ஒவ்வொரு நூலையும் எழுத்துரு உட்பொதிந்த பி.டி.எப். கோப்பாக்குக, அச்சிட்ட வடிவம் அப்படியே காக்கப்படும். பனுவலைத் தனியே பிரித்து ஒருங்குறிக்கு மாற்றுக. பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளையும், எந்நூல் எவ்வெழுத்துருவில் கோக்கப்பட்டது என்னும் குறிப்பையும் உடன் வைக்க.

மாற்றுவதற்கு எழுத்துருமாற்றிகள் விலையின்றியே கிடைக்கின்றன. ஆயினும் மாற்றியை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளாதீர். பழைய முறையில் கொம்பு முன்னும் மெய் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியிலோ மெய் முன், குறி பின். மாற்றும்போது ஒற்றைக்கொம்பு பெற்ற எழுத்தையடுத்து ளகரம் வருமாயின், அவ்விரண்டையும் சேர்த்து ஔகாரக் குறியாக்கிவிடும் மாற்றிகள் உள. 'வெளியீடு', 'தெளிவு', 'வெள்ளம்' ஆகிய சொற்கள் இதனால் சிதைந்து, ஔகாரத்தின் மேல் ஓர் இகரக் கொக்கியோ புள்ளியோ தொங்க, இணையமெங்கும் இன்றும் இரந்து நிற்கின்றன. ரகரமும் காலும் ஒன்றுக்கொன்று மாறுவதும் உண்டு. மெய்ப்புப் பார்க்கத் தமிழறிந்தவர் வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஊர்தோறும் உள்ளனர். அவரை அழைத்துப் பொருளும் கொடுங்கள். விற்பனையாளருக்குக் கொடுக்க இருந்த இரண்டு இலக்கத்தில் பத்தில் ஒரு பங்கு போதும்.

எப்போது மாற்றுவது என்பதும் கருதத்தக்கது. நாட்காட்டி வேலை குவியும் ஆண்டிறுதியிலோ, சென்னை நூற்கண்காட்சிக்கு நூல்கள் விரையும் மார்கழியிலோ, கணக்கு முடிக்கும் மார்ச்சிலோ கைவைக்கக் கூடாது. வேலை ஓய்ந்த திங்களில், ஒரே ஒரு கணினியில் மட்டும் முதலில் மாற்றுக. இரண்டு கிழமை அதிலேயே மெய்யான வேலையைச் செய்து பார்க்க: அச்சுப்பொறி ஏற்கின்றதா, நிறம் பிறழ்கின்றதா, கணக்கு மென்பொருள் திறக்கின்றதா, சரக்கு–பணி வரிப் பதிவு நடைபெறுகின்றதா? அதன் பின்னரே அடுத்தது. கோப்புகளுக்கு இரண்டு படிகள் வேண்டும். ஒன்று அச்சகத்துக்கு வெளியே, கணினியோடு இணைக்கப்படாமல் இருத்தல் வேண்டும். எடுத்த படி திறக்கின்றதா என்று திறந்தும் பார்த்துவிட வேண்டும். படியெடுத்துவிட்டோம் என்று மகிழ்ந்திருந்து, வேண்டிய நாளில் திறந்தால் வெறுமையாக இருந்த கதை எனக்குத் தெரிந்தே உண்டு. விண்டோசு 10-இல் 2019-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே தமிழ் 99 விசைப்பலகை உள்ளிருப்பாகவே வருகின்றது, 11-இலும் உண்டு. ஆகவே தட்டச்சு மென்பொருளுக்கென எவனுக்கும் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

திருட்டுப் படியில் ஓடும் கணினிகளைப் பற்றிச் சொல்லவும் நாணமாக உள்ளது. தன் நூலை ஒருவன் திருடி அச்சிட்டால் வழக்காடும் பதிப்பகத்தான், தன் மேசையில் திருட்டு இயங்குதளத்தை வைத்திருப்பது எந்த அறம்? பூட்டுடைக்கும் நிரலோடு நச்சுநிரலும் சேர்ந்தே வரும் என்பது தனிக்கதை.

இனி, விடுபட்ட இரண்டு கணினிகள். செயலி பழையது, விண்டோசு 11-க்குத் தகுதியற்றது. அவற்றில் கட்டற்ற மென்பொருளாகிய இலினக்சு இயங்குதளத்தை ஏற்றினோம். விலையில்லை, உரிமச் சிக்கல் இல்லை, பழைய பொறி என்று தள்ளுவதும் இல்லை. தட்டச்சு, மெய்ப்பு, மின்னஞ்சல், வரிப் பதிவு ஆகியன அவற்றில் நடக்கின்றன. பக்கவமைப்புக்கு இசுகிரைபசு என்னும் கட்டற்ற மென்பொருள், ஒருங்குறித் தமிழை முறையாகக் கோக்கின்றது. பட்டியல்களும் கட்டளைகளும் தமிழிலேயே வருகின்றன; அவற்றைத் தமிழாக்கியோர் கூலி பெறாத தமிழ் இளைஞர்கள். கேரள நாட்டு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகள் இலினக்சிலேயே பயில்கின்றனர். நாம் மட்டும் அஃது அறிஞர்க்குரியது என்று ஒதுங்கி நிற்கின்றோம்.

இதனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் இலினக்சுக்கு மாற்றுக என்று நான் முழங்கவில்லை. செருமானிய நாட்டு மியூனிக்கு நகராட்சி 2003-இல் அவ்வாறு முடிவெடுத்து, ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றி, 2017-இல் மீண்டும் விண்டோசுக்கே திரும்பத் தீர்மானித்தது. டேலி முதலான கணக்கு மென்பொருள்கள் விண்டோசை எதிர்பார்ப்பவை. நிறப்பிரிப்பு மென்பொருள்களும் அவ்வாறே. அதனாற்றான் அவ்விளைஞரின் அச்சகத்தில் இரண்டு விண்டோசு 11, இரண்டு இலினக்சு, இணையம் அறுக்கப்பட்ட ஒரு விண்டோசு 10 என்று பிரித்தோம். இலினக்சுக்கும் காப்புக்காலம் உண்டு: உபுண்டு 24.04 போன்ற நீள்காலப் பதிப்புக்கு ஐந்தாண்டு. முடிந்ததும் அடுத்த பதிப்பை விலையின்றி ஏற்றிக்கொள்ளலாம் என்பதே வேறுபாடு.

அவர் செலவிட்டது நினைவகத்திற்கும், விரைவு வட்டு இரண்டிற்கும், படியெடுக்கும் வெளிவட்டுகளுக்கும், மெய்ப்புப் பார்த்த தமிழாசிரியரின் ஊதியத்திற்கும் மட்டுமே. நகை அடகுக்குப் போகவில்லை. தந்தையார் காலத்து நூல்களுள் பாதிக்கு மேல் ஒருங்குறிக்கு மாறிவிட்டன, எஞ்சியவை நடைபெற்றுக்கொண்டுள்ளன.

அடுத்த நாளும் குறிக்கப்பட்டே உள்ளது. ஆபிசு 2016, ஆபிசு 2019 ஆகியவற்றின் காப்பு விண்டோசு 10-உடன் அதே 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. ஆபிசு 2021-க்கு 2026 அக்டோபர் 13 என அறிவித்துள்ளனர். உங்கள் அச்சகத்தின் எந்தக் கணினியில் எது உள்ளது என்று ஒரு தாளில் எழுதி, நேரே நாளையும் குறித்து, மேசைக்கு எதிர்ச்சுவரில் ஒட்டி வையுங்கள்.